மதுக்கடைகள் மூடியிருந்த வாரங்களும் எங்கள் கடன் கொப்பியும்

நாடு முழுவதும் மதுவை அடியோடு தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கை இலங்கையில் ஓய்வதே இல்லை. புதிய மதுபானசாலை ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது என்ற செய்தி வரும்போதும், குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய ஒருவரால் ஒரு குடும்பம் சிதைந்தது என்ற செய்தி வரும்போதும் அது எழுகின்றது. தேர்தல் மேடைகளிலும் தவறாமல் எழுகின்றது. மேடையில் பேசுபவர்களின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். கொழும்பின் வடக்கே, கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் கிராண்ட்பாஸிலும் இதை என்னிடம் சொல்பவர்கள் அநேகமாகப் பெண்கள். இந்த நாட்டில் ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் குடிக்கிறார். பெண்களில் குடிப்பவர்கள் மிகச் சிலரே. குடிக்காத பெண்கள் குடிக்கும் ஆண்களின் செலவையும் அடியையும் கடனையும் சுமக்கும் நாட்டில், தடை வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால் அதை ஒழுக்கப் பிரசாரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் கேட்பது நியாயமானது. அவர்கள் கேட்கும் வழியில் அது கிடைக்குமா என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இதற்கு வெளிநாட்டு உதாரணங்களைத் தேடிப் போக வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தபோது, கொரோனாவுக்காக வீட்டுக்குள் அடைந்த நாம், எவரும் திட்டமிடாமலே ஒரு தேசிய மதுவிலக்கையும் அனுபவித்தோம். வைன் ஸ்டோர்ஸ்கள் பூட்டப்பட்டன, தவறணைகள் பூட்டப்பட்டன, சுப்பர் மார்க்கெட்டுகளின் மது அடுக்குகள் மறைக்கப்பட்டன. ஏப்ரல் மாதத்தில் சில மாவட்டங்களில் ஊரடங்கு தளர்த்தப்பட்டு மதுக்கடைகள் திறந்தபோது வரிசைகள் அளவுகடந்து நீண்டதால் உடனேயே மீண்டும் மூடப்பட்டன. மே மாதத்தில்தான் கதவுகள் மெல்லத் திறக்கத் தொடங்கின. அந்த வாரங்களை மதுவிலக்கு என்ற பெயரில் எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஆனால் சட்டப்படி ஒரு போத்தல்கூட வாங்க முடியாத நிலையில் ஒரு நாடு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவை காட்டின.

எங்கள் குடும்பம் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய பலசரக்குக் கடை நடத்துகிறது. அப்பா தொடங்கிய கடை. துறைமுகத்தில் வேலை செய்பவர்கள், புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவர்கள், மலையகத்திலிருந்து வந்து செட்டியார் தெருக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள், முச்சக்கரவண்டி ஓட்டுபவர்கள் என்று எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கடனுக்கு வாங்கிச் சம்பளத்தன்று தீர்ப்பவர்கள். அவர்களுக்கென்று ஒரு கொப்பி உண்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். இடப்பக்கத்தில் வாங்கியது, வலப்பக்கத்தில் கட்டியது. ஒரு வீட்டில் குடி எந்த அளவில் இருக்கிறது என்பதை அந்தக் கொப்பி எனக்குச் சொல்லிவிடும். சம்பளத்துக்கு மறுநாள் கட்டப்படும் தொகை குறைந்துகொண்டே வரும். அரிசி கிலோவிலிருந்து அரைக்கிலோவாகும். பால்மா பெட்டி நின்று, தேநீருக்கான சிறிய பக்கெட் வரும். பிறகு, கணக்கைக் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சத்தில் அந்த வீட்டுப் பெண் தான் வராமல் பிள்ளையை அனுப்பத் தொடங்குவாள்.

ஊரடங்கின்போது பிரதேச செயலகத்தில் அனுமதி பெற்று, ஒழுங்கை ஒழுங்கையாகப் பொருட்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நாட்கூலிக்காரர்களின் பக்கங்களிலிருந்து எதையும் சொல்ல முடியாது. அவர்களுக்கு வருமானமே நின்றுபோயிருந்தது. ஆனால் மாதச் சம்பளம் தடைப்படாமல் வந்த வீடுகளும் இருந்தன. அப்படியான ஒரு வீட்டில், துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மனைவி, ஏப்ரல் மாதச் சம்பளம் வந்ததும் பழைய பாக்கி முழுவதையும் ஒரே தடவையில் கட்டினார். அந்தப் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டு மூடியபோது, "அக்கா, கொப்பியைக் கொஞ்சம் காட்டுங்கோ, நான் பார்க்கவேணும்" என்று கேட்டு வாங்கி, அந்தக் கோட்டை நின்று பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவர் வாங்கிய பொருட்களும் மாறின. முட்டை வந்தது, பால்மா மீண்டும் வந்தது, பிள்ளைக்கு வர்ணப் பென்சில் இருக்கிறதா என்று கேட்டார். மதுவிலக்கு வேண்டும் என்று பெண்கள் கேட்கும்போது அவர்கள் கண்முன்னே இருப்பது இதுதான். அது கற்பனை அல்ல, நான் கண்ணால் கண்ட உண்மை. இதைச் சொல்லாமல் தடையின் தீமைகளை மட்டும் பட்டியலிடுபவர்கள் அந்தப் பெண்ணுக்கு அநியாயம் செய்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

இதே வாரங்களில் வேறொன்றும் நடந்தது. எங்கள் ஒழுங்கையின் முனையில், பல ஆண்டுகளாக நாள்தோறும் காலையிலேயே குடிக்கத் தொடங்கும் வயதான மனிதர் ஒருவர் இருந்தார். ஊரடங்கு தொடங்கிய மறுநாளே அவருக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள், சுவர் முழுவதும் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். இரவில் வலிப்பு வந்தது. வீட்டார் பேய் பிடித்துவிட்டது என்று பயந்து திருநீறு பூசினார்கள். பக்கத்து வீட்டுத் தம்பிதான் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்தான். வைத்தியசாலையில் ஊசி மருந்தும் விற்றமினும் ஏற்றிக் காப்பாற்றினார்கள். நீண்ட காலம் அதிகமாகக் குடித்த உடல், மதுவின் அமுக்கத்துக்கு எதிராக நரம்புகளை எந்நேரமும் முறுக்கி வைத்தே பழகியிருக்கும். மது திடீரென நின்றால் அந்த முறுக்கு மட்டும் எஞ்சி நிற்கும். சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும், ஓரிரு நாட்களில் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சித்தப்பிரமை வரலாம். மருத்துவம் இல்லாவிட்டால் இதில் உயிர் போகவும் கூடும். அயலில் உள்ள கேரளத்தில் அதே மார்ச் மாத இறுதியில் மது கிடைக்காத நிலையில் தற்கொலைகள் பதிவாகின. மருத்துவரின் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று மாநில அரசு ஆணையிட, அதை அங்குள்ள உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. ஒரு திகதியைக் குறித்து நாடு முழுவதும் கடைகளை மூடுவதென்றால், அந்தத் திகதிக்கு முன்பே ஒவ்வொரு வைத்தியசாலையும் இத்தகைய நோயாளிகளுக்குத் தயாராக இருக்க வேண்டும். தடை கோரும் மேடைகளில் இதைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

ஏப்ரல் நடுப்பகுதியில் சீனி தேடி வருபவர்கள் கூடினார்கள். வழக்கமாகக் கால்கிலோ, அரைக்கிலோ என்று வாங்கும் தெருவில், அறிமுகமில்லாத இளைஞர்கள் வந்து ஐந்து கிலோ, பத்து கிலோ என்று கேட்டார்கள். கூடவே ஈஸ்ட் கேட்டார்கள். பாண் கிடைக்காத காலமாகையால் ஈஸ்ட் கேட்பதில் ஆச்சரியமில்லை என்று முதலில் தோன்றலாம். ஆனால் பாணுக்குக் கோதுமை மாவும் வேண்டும் அல்லவா, அதை அவர்கள் கேட்கவில்லை. சீனியும் ஈஸ்ட்டும் தண்ணீரும் பீப்பாயில் சில நாட்கள் கிடந்தால் கோடா. அதைக் காய்ச்சி ஆவியைக் குளிரவைத்து இறக்கினால் கசிப்பு. குளிரவைப்பதற்கு நிறையத் தண்ணீர் தேவைப்படுவதாலேயே களனி ஆற்றின் கரையோரப் பற்றைகளில் எப்போதும் கசிப்புக் காய்ச்சப்படுகிறது, பொலிஸாரும் மதுவரித் திணைக்களத்தினரும் அங்கேயே சுற்றி வளைக்கிறார்கள். ஊரடங்கில் அது ஆற்றங்கரையை விட்டு வீடுகளின் பின்புறத்துக்கு வந்தது. நெருக்கமான வீடுகள் உள்ள தோட்டங்களில் புளித்த கோடாவின் மணத்தை மறைக்க முடியாது. எல்லோருக்கும் எந்த வீடு என்று தெரியும், எவரும் வாய் திறக்கவில்லை.

துறைமுகத் தொழிலாளியின் மனைவியின் பக்கத்தில் மே மாதத் தொடக்கத்தில் மறுபடியும் கடன் ஏறத் தொடங்கியது. கணவர் ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தார். கள்ளச் சந்தையில் கால் போத்தல் சாராயத்துக்குக் கடையில் கொடுத்ததைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது. அது கட்டாத நாட்களில் கசிப்பு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் அந்த மாதங்களில் கொடுத்த 5,000 ரூபாய்கூடச் சில வீடுகளில் அந்த வழியில் போனது என்று பெண்களே என்னிடம் அழுதிருக்கிறார்கள். முன்பு மாதச் சம்பளத்தில் இவ்வளவு குடிக்குப் போகும் என்று கணக்கிட்டு, மிச்சத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு, அந்தக் கணக்கும் கையை விட்டுப் போனது. கடை மூடியதால் கிடைத்த நன்மை சில வாரங்கள் நின்றது. கள்ளச் சரக்கு தன் வழியைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் எடுத்ததோ அவ்வளவு காலம்தான் அது நின்றது. நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் குறைந்து பின்னர் ஏறும் இதே வளைவை வேறு நாடுகளின் பதிவுகளிலும் காண முடிகின்றது. அமெரிக்காவில் 1920 ஜனவரியில் தேசிய மதுவிலக்கு அமுலுக்கு வந்து 1933 டிசம்பரில் நீக்கப்பட்டது. முதல் ஆண்டுகளில் மது நுகர்வு முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வீழ்ந்தது. சில ஆண்டுகளுக்குள் ஏறி, அறுபது எழுபது சதவீதத்தை எட்டிவிட்டது என்று பின்னாளில் பொருளியலாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஈரல் நோயால் இறந்தவர்களின் தொகை அந்தக் காலத்தில் குறைவாகவே இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் குடித்தவர்கள் என்ன குடித்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் சட்டப்படி விற்கப்பட்ட இஞ்சிச் சாறு ஒன்றில் மதுசாரம் மிக அதிகமாக இருந்ததால் ஏழைகள் அதை வாங்கிக் குடித்தார்கள். 1930இல், பரிசோதனையில் பிடிபடாமல் இருப்பதற்காக அதில் ஒரு தொழிற்சாலை இரசாயனத்தைக் கலந்தார்கள். பல்லாயிரக்கணக்கானோரின் கால்கள் செயலிழந்தன.

எண்ணெய் விற்கும் கடைக்காரி என்ற முறையில் அந்த இரசாயனத்தை நான் மறக்க மாட்டேன். 1977, 1978ஆம் ஆண்டுகளில் நம் தேயிலைத் தோட்டங்களில், பூப்பெய்திய தமிழ்ச் சிறுமிகளுக்கு வழக்கப்படி கொடுத்த நல்லெண்ணெயில் அதே டிரைகிரெசில் பொஸ்பேட் கலந்திருந்ததால் அவர்களின் கைகால்கள் தளர்ந்தன. இந்த நாட்டு மருத்துவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்து உலக மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். எண்ணெய் சட்டப்படி விற்கப்படும் பொருளாக இருந்ததால் எங்கிருந்து வந்தது என்று பின்தொடர்ந்து போக முடிந்தது, பாதிக்கப்பட்டவர்களும் ஒளியாமல் வைத்தியசாலைக்கு வந்தார்கள். கள்ளச் சாராயம் குடித்துக் கண் மங்கியவர் அப்படி வருவதில்லை. பொலிஸுக்குப் பயந்து வீட்டிலேயே கிடப்பார், வரும்போது காலம் கடந்திருக்கும்.

கண் மங்குவதைப் பற்றி ஒரு தெளிவு தேவை. சீனியில் காய்ச்சிய கசிப்பில் மெதனோல் மிக அற்பமாகவே உருவாகும். கசிப்பின் ஆபத்து பெரும்பாலும் அதன் அளவு தெரியாத வீரியத்திலும், காய்ச்சும் பாத்திரங்களின் ஈயத்திலும், சேர்க்கும் அழுக்குகளிலும் இருக்கிறது. கொத்துக் கொத்தாக உயிர் குடிப்பது, தொழிற்சாலைத் தேவைக்கான மெதனோலை எவரோ சரக்கில் கலக்கும்போதுதான். ஈரல் அதை போமிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் முதலில் பார்வை நரம்பைத் தாக்குகிறது. நேரத்துக்கு வைத்தியசாலைக்குப் போனால் விஷமுறிவு மருந்து உண்டு. இந்தியாவில் மதுவிலக்கு உள்ள குஜராத்தில் 2009இலும் 2022இலும், பீகாரின் சாரண் மாவட்டத்தில் 2022 டிசம்பரிலும் மக்கள் இறந்தது இப்படித்தான். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது தமிழ்நாட்டில் மதுவிலக்கு இல்லை. அரசே நடத்தும் கடைகள் இருந்தன. அந்தக் கடையில் வாங்கப் பணம் போதாத கூலித் தொழிலாளர்கள் சிறிய பைகளில் விற்ற விஷத்தை வாங்கினார்கள். ஆகவே தடை இருந்தால் விஷம், தடை இல்லாவிட்டால் பாதுகாப்பு என்று எளிதாகச் சொல்லி முடிக்க முடியாது. சட்டப்படியான மது எட்டாத தூரத்தில் அல்லது எட்டாத விலையில் இருக்கும்போது, குடியை விட முடியாத மிக வறியவன் அந்தப் பைக்குக் கைநீட்டுகிறான். முழுத் தடை அந்த நிலைக்கு எல்லா வறியவர்களையும் ஒரே நாளில் தள்ளிவிடுகிறது.

தடையின் பக்கத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1985இல் சோவியத் ஒன்றியத்தில் கோர்பச்சேவ் மது உற்பத்தியையும் விற்பனையையும் கடுமையாகக் குறைத்தபோது ஆண்களின் ஆயுள் ஓரிரு ஆண்டுகளில் கண்கூடாக உயர்ந்தது. கடைகளிலிருந்து சீனி மறைந்ததும் அரசின் வருமானம் சரிந்ததும் அதே கதையின் மறுபாதி. 2020இல் தென்னாபிரிக்கா மது விற்பனையைத் தடை செய்து, பின் திறந்து, மீண்டும் தடை செய்தது. ஒவ்வொரு தடையின்போதும் வைத்தியசாலைகளின் விபத்துப் பிரிவுகள் வெறிச்சோடின, திறந்ததும் நிரம்பின. பீகாரில் 2016 ஏப்ரலில் வந்த மதுவிலக்கு, பெண்கள் முதலமைச்சரிடம் நேரில் கேட்டுப் பெற்றது. அங்கு வீட்டில் அடிவாங்கும் பெண்களின் தொகை குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வும் கூறுகிறது. அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே சட்டத்தின் கீழ் சிறை சென்றவர்கள் பெரும்பாலும் ஏழைகள். வழக்குகள் நீதிமன்றங்களை அடைத்தன. 2021இல் இந்தியாவின் அப்போதைய தலைமை நீதியரசர் என்.வி. ரமணா, தூரநோக்கில்லாமல் சட்டம் இயற்றுவதற்கு உதாரணமாக அதையே சுட்டிக்காட்டினார். கணவர் குடித்து அடித்த பெண்ணுக்கு, கணவர் சிறையில் இருக்கும் பெண்ணாவது எப்படி விடுதலையாகும்?

நம் நாட்டில் ஒரு நாள் மதுவிலக்கை மாதந்தோறும் பார்க்கிறோம். போயா எனும் முழுமதி தினத்தில் மதுக்கடைகள் மூடப்பட வேண்டும். ஒக்டோபர் 3ஆம் திகதி மதுவொழிப்புத் தினத்திலும் அப்படியே. போயாவுக்கு முன்தினம் மாலையில் வைன் ஸ்டோர்ஸ் ஒன்றின் முன்னால் நின்று பாருங்கள். வழக்கமாகக் கால் போத்தல் வாங்குபவர் முழுப் போத்தலோடு போவார். பணம் இருப்பவருக்குப் போயா ஒரு தடையே அல்ல. அவரது அலுமாரியில் எப்போதும் இருக்கும். அன்றாடம் காசு பார்த்து அன்றாடம் குடிப்பவர்தான் போயா அன்று பின்கதவைத் தட்டி இரட்டிப்பு விலை கொடுக்கிறார். தேசிய மதுவிலக்கும் வருமானத்தைப் பார்த்துத்தான் பாயும். மாலைதீவில் சட்டப்படி உள்ளூர்வாசிகளுக்கு மது இல்லை, சுற்றுலாத் தீவுகளில் உண்டு. நாமும் தடை கொண்டுவந்தால் உல்லாச ஹோட்டல்களுக்கு விலக்குக் கொடுத்தே தீர்வோம், ஏனெனில் அந்நியச் செலாவணி இல்லாமல் 2022இல் நாம் பட்ட பாடு எவருக்கும் மறக்கவில்லை. காலி முகத்திடலின் ஹோட்டலில் கிடைப்பது கொட்டாஞ்சேனையில் குற்றமாகும்.

1979இல் வர்த்தமானி ஒன்றின் மூலம் பெண்களுக்கு மது விற்பது தடை செய்யப்பட்டது. 2018 ஜனவரியில் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை ரத்துச் செய்யப் பணித்தார். குடியால் பாதிக்கப்படும் பெண்ணைப் பற்றியல்லாமல், போத்தல் வாங்கும் பெண்ணைப் பற்றி நாடே விவாதித்தது. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், தடையைக் கேட்டவர்களும் மதுவால் வாழ்ந்தவர்களும் இந்நாட்டில் எப்போதும் தனித்தனிக் கூட்டங்களாக இருந்ததில்லை. பிரித்தானியர் காலத்தில் சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது அரசின் வருமானத்தில் முக்கிய பங்கு வகித்தது. அதில் பணம் சேர்த்த குடும்பங்களிலிருந்தே பின்னர் மதுவொழிப்புத் தலைவர்கள் சிலர் வந்தார்கள். 1904இலும், கள்ளுத் தவறணைகள் நாடெங்கும் திறக்கப்படவிருந்த 1912இலும் எழுந்த மதுவொழிப்பு இயக்கம், எப்.ஆர். சேனநாயக்க, டி.எஸ். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக்க போன்றோரை அரசியலுக்குக் கொண்டுவந்தது. 1915 கலவரத்தின்போது அவர்கள் சிறையிலும் அடைக்கப்பட்டார்கள். அந்த இயக்கத்தின் அழுத்தத்தால் பின்னாளில் கிடைத்த ஓர் ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்: ஓர் ஊர் மக்கள் வாக்களித்துத் தங்கள் ஊர்த் தவறணையை மூடலாம் என்ற உரிமை. பல தவறணைகள் அப்படி மூடப்பட்டன. அதே டி.எஸ். சேனநாயக்க சுதந்திர இலங்கையின் முதலாவது பிரதமரானார்; மதுவரி அரசின் வருமானமாகவே தொடர்ந்தது. இன்றும் மதுவரித் திணைக்களத்துக்கு ஆண்டுதோறும் வருமான இலக்கு உண்டு. 2021 செப்டெம்பரில், ஊரடங்கு நீடித்துக்கொண்டிருந்தபோதே, பாடசாலைப் பொருள் விற்கும் கடைகள் மூடியிருக்க மதுக்கடைகள் திறந்தன. தேசியத் தடை ஒன்றை அறிவிக்கும் அரசாங்கம் இந்த வருமானத்தை எதைக் கொண்டு ஈடுசெய்யும் என்று முதலில் சொல்ல வேண்டும். 1937இல் இந்தியாவின் சென்னை மாகாணத்தில், சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி, இழந்த வருமானத்துக்காக விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவிலக்கு பிறகு போனது, வந்தது, மீண்டும் போனது; விற்பனை வரி நிலைத்துவிட்டது. நம் நாட்டில் அப்படியொரு வரி வந்தால் அது அரிசியிலும் பருப்பிலும் விழும், என் கொப்பியில் உள்ள வீடுகளே அதையும் கட்டும்.

அப்படியானால் என்ன செய்வது? 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், மது விளம்பரத்தையும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் தடை செய்தது. அது நல்ல சட்டம். முழுமையாக அமுலாக்கினால் போதும் என்ற அளவுக்கு நல்ல சட்டம். உலக சுகாதார நிறுவனமும் விலை, கிடைக்கும் இடமும் நேரமும், விளம்பரம் ஆகிய மூன்றையும் இறுக்கவே வலியுறுத்துகிறது. விலையைப் பொறுத்தவரை எனக்கு ஒரு கவலை உண்டு. பொருளாதார நெருக்கடிக்குப் பின் மதுவரி தொடர்ந்து ஏறியது, 2023 ஜனவரியில் மட்டும் 20 சதவீதம். கடைச் சாராயம் எட்டாத விலைக்குப் போனதும் எங்கள் பக்கத்தில் கசிப்புப் பற்றிய பேச்சு மீண்டும் கேட்கத் தொடங்கியது. விலையேற்றம் இளைஞர்களைத் தொடங்கவிடாமல் தடுக்கும் என்று நம்புகிறேன். ஆனால் ஏற்கெனவே விட முடியாமல் இருப்பவரை அது பின்கதவுக்கு அனுப்பும். அதனால் வரியால் வரும் பணத்தில் ஒரு பங்கு அந்த மனிதருக்கான சிகிச்சைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்க வேண்டும்.

சிகிச்சை என்று நான் சொல்வது மிகச் சாதாரணமான ஒன்றை. அரச வைத்தியசாலையில், வாரத்தில் ஒரு நாளாவது, வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில், குடியை விட விரும்புபவர் வெட்கமில்லாமல் வந்து தமிழிலேயே பேசக்கூடிய ஒரு கிளினிக். எங்கள் ஒழுங்கையின் முனையில் இருந்த அந்த மனிதர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியபின் சில காலம் குடிக்காமல் இருந்தார். அதன் பிறகு எங்கே போவது, யாரிடம் பேசுவது என்று அவருக்கும் வீட்டாருக்கும் தெரியவில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை நான் இப்போது கடையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அன்று அது என் நினைவுக்கு வந்திருந்தால் அவரது மனைவிக்குச் சொல்லியிருப்பேன்.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். மதுபானசாலை ஒன்று எங்கே இருக்கிறது என்பது மிகவும் முக்கியம். கூலி வாங்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் அது இருந்தால் கூலி வீட்டுக்கு வராது. இதைப் பெண்கள் எல்லோரும் அறிவார்கள், அனுமதி கொடுப்பவர்களும் அறிவார்கள். 2024 டிசம்பரில் அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, கிளிநொச்சி போன்ற போரில் நொறுங்கிய மாவட்டத்தில் எத்தனை புதிய கடைகள் என்று பார்த்து வடக்கில் எழுந்த கோபம் நியாயமானது. ஊர் மக்கள் வாக்களித்து மூடும் அந்தப் பழைய உரிமையை இன்றைய சட்டத்தில் பலமாக எழுதி வைத்தால், கொழும்பில் இருந்துகொண்டு நாடு முழுவதற்கும் ஒரு தடையை அறிவிப்பதைவிட அது நிலைக்கும் என்று நினைக்கிறேன். தாங்களே கேட்டு மூடிய கடைக்குப் பதிலாக வரும் கசிப்பை அந்த ஊர்ப் பெண்களே காட்டிக்கொடுப்பார்கள். மேலிருந்து வரும் தடைக்கு அந்தக் காவல் கிடைப்பதில்லை.

அண்மையில் எங்கள் பகுதியில் இரண்டு மனுக்கள் கையொப்பத்துக்கு வந்தன. ஒன்று நாடளாவிய மதுவிலக்கைக் கோருவது. மற்றது, பாடசாலைக்கும் டியூஷன் வகுப்புகளுக்கும் அருகில் புதிதாகத் திறக்க முயலும் ஒரு மதுபானசாலைக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்பது. கொண்டுவந்தவர், நான் முன்பே சொன்ன துறைமுகத் தொழிலாளியின் மனைவி. நான் இரண்டாவதில் கையொப்பமிட்டு முதலாவதைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏன் அக்கா, இதுக்கு வைக்க மாட்டீங்களோ? நீங்கதானே என்ர கொப்பியில கோடு போட்டீங்க?" என்று கேட்டார்.

"கோடு போட்டது நான்தான் தங்கச்சி. அடுத்த மாதம் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்ததும் நான்தானே" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மாதம் ஒன்று கிடைச்சதே, அதுவும் வேணாமோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. சிகிச்சை இருந்திருந்தால் அந்த மாதம் இரண்டாகவும் பத்தாகவும் நீண்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் பேனாவை வாங்கி, இரண்டாவது மனுவின் அடியில், எங்கள் பகுதி வைத்தியசாலையில் தமிழில் பேசும் ஆலோசகரோடு மாலை நேரக் கிளினிக் ஒன்றும் வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்தார். முதலாவது மனுவிலும் தன் கையொப்பத்தை இட்டார். அது அவரது உரிமை. இரண்டாவது மனுவின் தாள்கள் இந்த மாத முடிவு வரை எங்கள் கடை மேசையில் இருக்கும். கொட்டாஞ்சேனையிலும் சுற்றுப்புறத்திலும் இருப்பவர்கள் கடை திறந்திருக்கும் எந்த நேரத்திலும் வந்து கையொப்பமிடலாம்.